சமையல் மேடைக்கு எந்தக் கல்? எலுமிச்சையும் மஞ்சளும் வைத்துப் பார்த்தது

அம்மா வீட்டு அடுப்பு மேடையில், ஸ்டவ்வுக்கு இடது பக்கம் ஒரு வெள்ளை வட்டம் இருக்கிறது. சரியாக ஒரு எலுமிச்சை மூடி அளவு. சேலம் அம்மாப்பேட்டையில் அந்த வீட்டைக் கட்டியபோது போட்ட கடப்பாக் கல் அது. பிழிந்த மூடியை யாரோ கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அம்மா பவுடர் போட்டுத் தேய்த்தாள். புளி போட்டுத் தேய்த்ததில் வட்டம் பெரிதானதுதான் மிச்சம். தேங்காய் எண்ணெய் தடவினால் இரண்டு நாள் மறைந்திருக்கும், அப்புறம் மறுபடி எட்டிப் பார்க்கும். கறையாக இருந்தால் தேய்த்து எடுக்கலாம். அது கல்லே கரைந்துபோன இடம்.

தங்கச்சி ஏற்காட்டில், நாகலூர் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். சமையலறை வரைக்கும் வந்தாயிற்று. "அக்கா, இவர் வெள்ளை குவார்ட்ஸ்தான் வேணுங்கறார். மேஸ்திரி, பேசாம கிரானைட் போடுங்கங்கறார். நானோ ஒயிட்டுனு ஒண்ணு இருக்காம், பக்கத்து வீட்ல போட்டிருக்காங்க. எனக்குத் தலை சுத்துது, நீ சொல்லு" என்று போன் பண்ணினாள். எங்கள் அழகாபுரம் வீட்டு மேடையும் விரிசல் விட்டு மாற்ற வேண்டிய நிலையில் இருந்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது. இரண்டு சமையலறைக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓமலூர் போகும் சாலையில் கல் கடைகளைச் சுற்றினோம். வாங்குகிற முடிவோடு போகவில்லை. உடைந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தோம். கேட்டால் கொடுக்கிறார்கள், காசு கூட வாங்குவதில்லை.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் போய் "கெட்டியான கல் எது?" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. கெட்டி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் நாலைந்து குணங்கள் இருக்கின்றன. கீறல் தாங்குவது ஒன்று. புளிப்பு தாங்குவது ஒன்று. சூடு தாங்குவது, எண்ணெயையும் தண்ணீரையும் உறிஞ்சாமல் இருப்பது, மேலே ஏதாவது விழுந்தால் தெறிக்காமல் இருப்பது என்று மற்றவை. ஒன்றில் முதலில் நிற்கிற கல் இன்னொன்றில் கடைசியாக நிற்கும்.

இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது, கல்சட்டி. சேலத்துக் கல்சட்டி மாக்கல்லில் செய்தது. நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மெத்தென்ற கல். ஆனால் அதில் புளிக்குழம்பு வைத்து மூன்று நாள் சுண்டச் சுண்டச் சாப்பிடுகிறோமே, சட்டிக்கு ஏதாவது ஆகிறதா? ஒன்றும் ஆவதில்லை. மார்பிள் மாக்கல்லைவிடக் கடினம். அதன்மேல் அதே குழம்பு ஒரு கரண்டி சிந்தி அரை மணி நேரம் கிடந்தால் பாலிஷ் போய்விடும். மாக்கல் கீறலுக்குத் தோற்கும், புளிக்குத் தோற்காது. மார்பிள் புளிக்குத் தோற்கும்.

காரணம் கல்லுக்குள் இருக்கிற சுண்ணாம்புதான். மார்பிளும் கடப்பாவும் சுண்ணாம்புக்கல் இனம். புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி, வினிகர் எல்லாமே அமிலம். அமிலம் பட்டால் சுண்ணாம்பு கரையும். கிரானைட்டில் இருப்பது குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்கிற தாதுக்கள். சமையலறை அமிலம் எதுவும் அவற்றை அசைக்காது. வீட்டில் இருந்த ஆட்டுக்கல்லையும் அம்மியையும் நினைத்துப் பாருங்கள். எத்தனை வருஷம் புளியும் மிளகாயும் வைத்து அரைத்தோம்? எந்த அம்மியாவது புளியால் மங்கியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தேய்ந்திருக்கும், கொத்துக்காரரைக் கூப்பிட்டுக் கொத்தியிருப்போம், அவ்வளவுதான்.

சரி, துண்டுகளுக்கு வருகிறேன். மொத்தம் ஆறு வகை: கடப்பா, வெள்ளை மார்பிள், கிரானைட் என்று விற்கிற காஷ்மீர் ஒயிட், டான் பிரவுன், முழுக்கருப்பு மூன்றும், அப்புறம் வெள்ளை குவார்ட்ஸ். ஒவ்வொன்றையும் நன்றாகக் கழுவி, ஒரு நாள் காயவைத்து, அடுப்படி ஜன்னல் திண்டில் வரிசையாக அடுக்கினேன். இரவு ஒன்பது மணிக்கு ஒவ்வொரு துண்டிலும் நாலு மூலையில் நாலு சமாச்சாரம் வைத்தேன். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் கரைத்த புளி, நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சள், அப்புறம் அன்று சாயங்காலம் வாங்கிய தட்டுவடை செட்டிலிருந்து எடுத்த பீட்ரூட் துருவல். சேலத்துச் சமையலறையில் தட்டுவடை செட் சிந்தாத மேடை கிடையாது என்பதால் அதைச் சேர்த்துக்கொண்டேன்.

காலையில் துடைத்துப் பார்த்தேன். கடப்பாவில் எலுமிச்சை விழுந்த இடம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருந்தது, அம்மா வீட்டு வட்டத்தின் தம்பி. புளி வைத்த இடமும் அப்படியே. மார்பிளில் கண்ணுக்குச் சட்டென்று தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தபோது நாலில் இரண்டு மூலை கண்ணாடி மாதிரி மின்னின, எலுமிச்சையும் புளியும் வைத்த இரண்டு மூலைகள் மட்டும் மங்கலாக இருந்தன. விரலால் தடவினால் அந்த இடம் சொரசொரத்தது. மார்பிளில் மஞ்சளும் இறங்கிவிட்டது. காஷ்மீர் ஒயிட்டில் எலுமிச்சை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் எண்ணெய் இறங்கி, நாலணா அளவில் ஈரத்திட்டு மாதிரி ஒரு கருமை. சோப்பு போட்டாலும் அது போகவில்லை, ஒரு வாரம் கழித்தும் இருந்தது. டான் பிரவுன், முழுக்கருப்பு இரண்டிலும் துடைத்ததும் எதுவுமே இல்லை. குவார்ட்ஸில் எலுமிச்சை, புளி, பீட்ரூட் மூன்றும் சுத்தமாகப் போய்விட்டன. மஞ்சள் மட்டும் இளமஞ்சளாக ஒரு நிழலை விட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தத் துண்டை மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டேன், நிழலும் போய்விட்டது. மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. ஆனால் மேடையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போக முடியாதே.

இந்த ஒரு இரவுச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கடைக்காரர் வாயால் கேட்கிற எதையும்விட இதைத்தான் நான் நம்புவேன்.

கடப்பாவை வேண்டாம் என்று சொல்லிவிட மனசு வரவில்லை. எங்கள் அம்மா அதன்மேல்தான் எங்களை ஆளாக்கினாள். இருக்கிற கல்லிலேயே விலை குறைவு அதுதான். வாடகைக்கு விடும் வீடு, கொல்லைப்புறப் பாத்திரம் தேய்க்கும் திண்டு, மேடைக்குக் கீழே தடுப்புப் பலகை, அலமாரித் தட்டு, இதற்கெல்லாம் கடப்பாதான் சரி. மேடைக்கு மேலே போடுவதானால் வெள்ளைத் திட்டு விழும் என்று தெரிந்தே போடுங்கள். மார்பிள் அப்படியில்லை. பூஜை அறைக்கு அழகு, கூடத்துத் தரைக்கு அழகு, தென்னிந்தியச் சமையல் மேடைக்கு அது ஆகாது. ரசம் வைக்கிற வீட்டில் மார்பிள் மேடை போட்டால் தினமும் துணியோடு காவல் நிற்க வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்கு இன்னொரு கேள்வி வரலாம். ஏற்காட்டுக்குப் போகிற வழியில் வெள்ளை வெளேரென்று கரடு தெரிகிறதே, அந்தக் கல் ஆகாதா என்று என் பையன் கேட்டான். அது மேக்னசைட். அதுவும் கார்பனேட் இனம்தான். உலைகளுக்குள் பதிக்கும் தீச்செங்கல் செய்யத்தான் அது போகிறது, சமையல் மேடைக்கு வராது.

இப்போது கிரானைட். இந்தப் பேரில் கடையில் விற்பதெல்லாம் ஒரே கல் கிடையாது. முழுக்கருப்பு என்று விற்பது, புவியியல் படித்தவர்கள் கணக்கில் கிரானைட்டே இல்லை, டோலரைட் என்ற வேறு வகைக் கல். மணிமணியாக இல்லாமல் நெருக்கமாக இறுகியிருப்பதால் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ளே நுழைய வழி கிடைப்பதில்லை. பிளாக் கேலக்ஸி ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியில் எடுப்பது, கருப்பில் பொன்னிறப் புள்ளி மினுங்கும். டான் பிரவுன் தெலங்கானாவின் கரீம்நகர்க் கல். பாரடைசோ கிருஷ்ணகிரிக் கல், ஊதாவும் இளஞ்சிவப்புமாக அலையடித்த மாதிரி இருக்கும். காஷ்மீர் ஒயிட் என்ற பேரைக் கேட்டு காஷ்மீரிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது மதுரைப் பக்கத்துக் கல். வெள்ளையில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் என் ஜன்னல் திண்டில் எண்ணெயைக் குடித்தது அதுதான். வெளிர் நிறக் கிரானைட்டில் இந்தத் தொல்லை பொதுவாகவே அதிகம். அதுதான் பிடித்திருக்கிறது என்றால் கல்லுக்குள் இறங்கும் சீலர் அடித்து, அடித்ததைச் சில வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நம் வீடுகளில் அதை யார் ஞாபகம் வைத்துச் செய்யப்போகிறோம்?

கீறலைப் பற்றிக் கவலையே வேண்டாம். சமையல் கத்தியின் எஃகைவிடக் கிரானைட் கடினம். மேடைமேலேயே வைத்து வெங்காயம் நறுக்கினால் கத்திதான் மழுங்கும். சூட்டுக்கும் அப்படித்தான், தோசைக்கல்லை இறக்கி நேராக வைக்கலாம். பூமிக்குள் எழுநூறு டிகிரிக்கு மேல் கொதித்து இறுகிய கல்லுக்கு நம் அடுப்பு பெரிய விஷயமா? ஆனாலும் சிங்க் ஓரம், ஸ்டவ் ஓட்டைக்குப் பக்கம் மாதிரி கல் ஒல்லியாக நிற்கிற இடத்தில் வைக்காதீர்கள்.

கருப்பில் ஒரு ஏமாற்று நடக்கிறது. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றி முழுக்கருப்பு என்று விற்கிறார்கள். பஞ்சில் நகச்சாயம் அழிக்கிற திரவத்தை நனைத்து ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நாங்கள் இரண்டு கடையில் கருப்புத் துண்டு வாங்கினோம். ஒன்றில் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. இன்னொன்றில் கண்மை துடைத்த மாதிரி கரேலென்று வந்தது. இரண்டும் அருகருகே இருந்தபோது வித்தியாசம் ஒன்றுமே தெரியவில்லை. சாயமேற்றிய கல் இரண்டு மூன்று வருஷத்தில், அதுவும் ஸ்டவ் சூடு படுகிற இடத்தில், திட்டுத் திட்டாக வெளுக்கும்.

நிறம் என்று வரும்போது அழகு ஒரு பக்கம், நம் தண்ணீர் ஒரு பக்கம். போர் தண்ணீர் உபயோகிக்கிற சேலத்து வீடுகளில் முழுக்கருப்பு மேடை போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். சிங்க் ஓரமெல்லாம் உப்புப் பூத்து வெள்ளைக் கோடு கோடாக நிற்கும். மாவு சிந்தினால் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்படியே விட்டால் துணி போன வழி தெரியும், காய்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும். ஜன்னல் சின்னதாக இருக்கிற அடுப்படியில் கருப்பு இருக்கிற வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். டான் பிரவுன் இதற்கு நேரெதிர். சாம்பார் சிந்தினாலும் தெரியாது, எறும்பு போனாலும் தெரியாது. என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "அழுக்கு கண்ணுல படணும்மா, அப்பத்தான் கை துணிக்குப் போகும்" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. இரண்டுக்கும் நடுவில், சாம்பல் கலந்த கருப்பில் பொடிப்புள்ளி போட்ட கல் இருக்கிறதே, அதைத்தான் பலமாகச் சிபாரிசு செய்வேன். உப்புக்கறையை ஓரளவு மறைக்கும், எறும்பை மறைக்காது.

குவார்ட்ஸ் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இதைக் கல் என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ் பொடிதான், மீதி பிளாஸ்டிக் பிசின். பொடியையும் பிசினையும் அழுத்தி இறுக்கிச் செய்த பலகை. அதனால் எதையும் உறிஞ்சாது, சீலர் வேண்டாம், பலகைக்குப் பலகை ஒரே நிறம் கிடைக்கும், சுத்த வெள்ளையும் கிடைக்கும். பார்வைக்கு அதை மிஞ்ச முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அதன் பலவீனமும் அந்தப் பிசினில்தான் இருக்கிறது. நூற்றைம்பது டிகிரியைத் தாண்டினால் பிசின் கருகும். குக்கருக்கு உள்ளேயே நூற்றிருபது டிகிரி, அதன் அடிப்பக்கம் அதற்கும் மேல். தோசைக்கல் இருநூறைத் தாண்டும். தாளிப்புக் கரண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவசரத்தில் ஒருநாள் இறக்கி வைத்தால் மஞ்சளாக ஒரு வளையம் விழும், அது எந்தப் பாலிஷுக்கும் போகாது. வெயில் நேராகப் படும் இடத்திலும் நாளாக நாளாக நிறம் மாறும். விலை நல்ல கருப்புக் கிரானைட்டைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அது முக்கியமான காரணம். குவார்ட்ஸ் பலகையை அறுக்கும்போது பறக்கும் தூசு கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. அதை மூச்சில் இழுத்தவர்களுக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருகிறது. வந்தால் குணமாவதில்லை. ஆஸ்திரேலியாவில் இந்த மேடை வேலை செய்த இளவயசுக்காரர்கள் பலருக்கு அது வந்ததால், 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகைகளையே அங்கே தடை செய்துவிட்டார்கள். வீட்டில் பதித்துவிட்ட மேடையால் சமைக்கிறவர்களுக்கு ஒன்றுமில்லை, அறுக்கிறவருக்குத்தான் ஆபத்து. கிரானைட் தூசிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. எங்கள் வீட்டில் பழைய மேடை போட்டபோது இருபது வயசுகூட ஆகாத தம்பி ஒருவன், வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து கட்டரால் சிங்க் ஓட்டை அறுத்தான். அவன் புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளை. காபி கொடுத்தபோது டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு வாய் கொப்பளித்துத் துப்பினான், அதுவும் வெள்ளையாக வந்தது. அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. இந்த முறை, எந்தக் கல் ஆனாலும், அறுப்பதைக் கடையிலேயே தண்ணீர் ஓடும் மெஷினில் முடித்துவிட வேண்டும், வீட்டில் அறுக்க வேண்டிய பாக்கிக்கு இன்னொரு ஆள் குழாய் பிடிக்க வேண்டும், முகத்துக்குச் சரியான மாஸ்க் வேண்டும் என்று விலை பேசும்போதே சொல்லிவிட்டோம். கூலி கொஞ்சம் கூடியது.

நானோ ஒயிட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது கண்ணாடி இனம். உறிஞ்சாது, கறை பிடிக்காது, பளீரென்ற வெள்ளை. ஆனால் ஓரம் தெறித்தால் தெறித்ததுதான், இரும்பு உலக்கையோ குக்கரோ கை தவறி விழும் வீட்டில் யோசித்துப் போடுங்கள். பெரிய அளவில் வரும் போர்சலின் பலகைகள் சூட்டுக்கும் கறைக்கும் அசையாதவை, வெயிலில் நிறம் போகாது. பெரும்பாலும் பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம்தான், ஓரத்தில் தெறிக்கும், அறுக்கத் தேர்ந்த கை வேண்டும். அந்தக் கை உங்கள் ஊரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். டைல்ஸ் ஒட்டிய மேடை வேண்டவே வேண்டாம். டைல் நன்றாகத்தான் இருக்கும், இடுக்கில் அடைத்த வெள்ளை சிமென்ட் ஆறே மாதத்தில் மஞ்சளாகி, அப்புறம் கருப்பாகிவிடும்.

ஸ்டீல் மேடையைப் பற்றி வீடுகளில் யாரும் யோசிப்பதே இல்லை. கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலையை வைத்துக்கொண்டு இருக்கிற ஊர் இது. மெஸ், ஹோட்டல், கல்யாண மண்டபம் எல்லாவற்றிலும் ஸ்டீல்தான், அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மேடையும் சிங்க்கும் ஒரே தகடாக, இடுக்கே இல்லாமல் வெல்டிங் செய்யலாம். புளி, மஞ்சள், சூடு எதுவும் ஒன்றும் செய்யாது. முதல் மாதம் ஒவ்வொரு கீறலும் மனசை அறுக்கும், ஆறு மாதத்தில் கீறலெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே மங்கலான பளபளப்பாகிவிடும், அப்புறம் கண்ணில் படாது. 304 என்று கேட்டு வாங்குங்கள், அதில் பதினெட்டு சதவீதம் குரோமியமும் எட்டு சதவீதம் நிக்கலும் இருக்கும். காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டவில்லை என்றால் நல்ல ஸ்டீல் என்பார்கள். அதை நம்பாதீர்கள். நிக்கல் குறைவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதி வாங்குவதுதான் வழி. பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும், தகட்டுக்குக் கீழே கெட்டியான பலகை கொடுத்தால் குறையும். முழு மேடையும் ஸ்டீல் பிடிக்காதவர்கள் சிங்க் பக்கம் மூன்று அடி மட்டும் போடலாம். எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்தது. எங்கள் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் மேடை விரிசல் விட்ட கதைக்கு வருகிறேன். கல் நல்ல கல். போட்டவிதம்தான் தப்பு. சிங்க்குக்கு ஓட்டை போட்டபோது முன்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் கல்லை விட்டிருந்தார்கள். ஓட்டையின் நாலு மூலையையும் வளைவாக அறுக்காமல், கத்தியால் வெட்டிய மாதிரி நேர்மூலையாக அறுத்திருந்தார்கள். சிங்க்குக்குக் கீழே தாங்கல் எதுவும் இல்லை. ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் பெரிய அண்டாவில் தண்ணீர் பிடித்து அந்த ஓரத்தில் சாய்த்து வைத்தேன். சன்னமாக ஒரு சத்தம், விரல் சொடுக்கின மாதிரி. அன்று கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மாதம் போகப் போக மூலையிலிருந்து முடி மாதிரி ஒரு கோடு, அதில் தண்ணீர் இறங்கி, கீழே இருந்த மரப்பெட்டி உப்பி, கடைசியில் கோடு விரிசலாகிவிட்டது. போட்டுக் கொடுத்த கடையில் கேட்டபோது, நீங்கள் பாரம் வைத்தீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். சமையல் மேடையில் அண்டா வைக்காமல் எங்கே வைப்பது?

அதனால் கல்லைத் தேர்ந்தெடுக்கிற அக்கறையில் பாதியையாவது அடியில் இருப்பதற்குக் கொடுங்கள். இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் ஒரு சதுர அடி கிரானைட் ஏறத்தாழ ஐந்து கிலோ. பத்தடி நீளம், இரண்டடி அகலம் என்றால் நூறு கிலோ, அது வெறும் கல்லின் பாரம். மேலே கிரைண்டர், குடம், மாவாட்டும்போது வருகிற அதிர்வு எல்லாம் சேரும். கான்கிரீட் ஸ்லாப் போட்டு அதன்மேல் கல் பதிப்பது நம் ஊர்ப் பழைய வழி, இன்றைக்கும் அதுதான் நல்ல வழி. மாடுலர் கிச்சன் என்று வெறும் பிளைவுட் பெட்டிமேல் கல்லை வைப்பதானால், கிரைண்டர் நிற்கும் இடத்துக்கும் சிங்க்குக்கு இரண்டு பக்கமும் சுவரோ கடப்பாத் தடுப்போ கொடுங்கள். சிங்க் முன்னால் நாலு விரலாவது கல் இருக்கட்டும், ஓட்டை மூலைகள் வளைவாக இருக்கட்டும். இரண்டு கல் சேரும் சேர்மானம் சிங்க் மேலேயோ ஸ்டவ் மேலேயோ வரக்கூடாது. முன் ஓரத்துக்கு அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு சன்னமான வெட்டுக்கோடு இழுக்கச் சொல்லுங்கள், சிந்துகிற தண்ணீர் பெட்டிக்குள் ஓடாது. பத்து நிமிஷ வேலை, கேட்டால்தான் செய்வார்கள். அப்புறம் உயரம். எல்லா வீட்டிலும் ஒரே உயரத்தில் போட்டுவிடுகிறார்கள். சமைக்கிறவர் நின்று முழங்கையை மடக்கி, அதிலிருந்து ஒரு சாண் கீழே இருந்தால் தோள் வலிக்காது. தங்கச்சி குள்ளம். அவளுக்கு முப்பத்திரண்டு அங்குலம் போதும், எனக்கு முப்பத்துநாலு.

ஏற்காட்டுக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. கல் மலை ஏற வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு. நீளமான பலகை ஒவ்வொரு வளைவிலும் முறுக்கு வாங்கும், உடைவது பெரும்பாலும் வழியில்தான். முழு நீளத்தில் ஒரே கல் வேண்டும் என்ற ஆசையை அவள் விட்டுவிட்டாள். எட்டடிக்குள் துண்டாக்கி, சிங்க் ஓட்டையைச் சேலத்தில் அறுக்காமல், நாலு மூலை வளைவுக்குத் துளை மட்டும் போட்டு அனுப்பி, மீதியை மேலே தண்ணீர் விட்டு அறுப்பது என்று மேஸ்திரியும் ஒத்துக்கொண்டார். "அறுத்துட்டு ஏத்துனா அந்த ரெண்டு விரல் பட்டைலதான்மா உடையும்" என்று அவர் சொன்னபோது எனக்கு எங்கள் வீட்டு விரிசல் ஞாபகம் வந்தது.

மேலே பனி. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் துணி காயாது, பிளைவுட் உப்பிப் பூசணம் பூக்கும். ஆகவே மேடைக்குக் கீழே மரப்பெட்டி வேண்டாம், செங்கல் தடுப்பும் கடப்பாத் தட்டும்தான், முன்னால் கதவு மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது. அவள் வீட்டுக்காரருக்குத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்திலேயே மேடை போடலாமா என்று ஒரு ஆசை இருந்தது. ஜன்னலோரம் காபி குடிக்க ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள், ஈரம் படுகிற இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜன்னல் பெரியது, காலை வெயில் நேராக மேடைமேல் விழும். குவார்ட்ஸ் அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கருங்கல். மலைப்பாதையில் வெட்டிய பாறை முகம் மழை நாளில் நீலம் கலந்த சாம்பலாக, எண்ணெய் தடவின மாதிரி மின்னுமே, அதுதான். கொல்கத்தாவில் 1690களில் இறந்துபோன ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைப் பலகை, சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டுபோன இந்த வகைக் கல். அதைப் பார்த்துத்தான் 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அவர் பேரையே கல்லுக்கு வைத்தார். தங்கச்சி வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நம்ம மலைக்கல்லு நிறத்துலயே எடுத்துரலாங்க்கா" என்றார். வெள்ளை குவார்ட்ஸ் வேண்டும் என்று நின்றவர் அவர்தான்.

கடைசியில் இருவரும் ஒரே கல்லை எடுத்தோம், சாம்பல் கலந்த கருப்பில் பொடிப்புள்ளி. அவளுக்கு லெதர் ஃபினிஷ், மலை வெளிச்சத்தில் அந்தச் சொரசொரப்பு அவ்வளவு நன்றாக இருக்கிறது. எனக்குச் சாதாரண பாலிஷ், ஏனென்றால் போர் தண்ணீர் உப்பு சொரசொரப்புக்குள் உட்கார்ந்தால் எடுப்பது கஷ்டம். வாங்குவதற்கு முன் பலகையின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, கருத்து ஈரம் இழுக்கிறதா, விரிசல் கோடு தெரிகிறதா என்று பார்த்தோம். பஞ்சில் நகச்சாயத் திரவமும் தேய்த்தோம், வெள்ளையாகவே வந்தது. அவளுக்கு ஏழரை அடியில் ஒன்று, நாலே கால் அடியில் ஒன்று, சேர்மானம் ஜன்னலுக்கு நேர் கீழே. வெள்ளிக்கிழமை விடியற்காலை, மூட்டம் இறங்குவதற்கு முன், வண்டியில் பலகையைச் சாய்த்து நிறுத்தி, இடையில் வைக்கோல் திணித்துக் கட்டி ஏற்றுகிறார்கள். அம்மாவும் வண்டிக்குப் பின்னால் காரில் வருகிறேன் என்கிறாள். அந்த வட்டம் விழுந்த கடப்பாத் துண்டை, அம்மா வீட்டுப் பழைய மேடையை எடுக்கும்போது, தன் வீட்டு வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குத் தங்கச்சி கேட்டு வைத்திருக்கிறாள்.